பெண் படைப்பாளிக்கு ஒரு கிளாஸ் செட்

எங்கள் தேயிலைத் தோட்டங்களில் 'டைரக்டர்' என்றால் ஒரே அர்த்தம்தான். கொழும்பிலிருந்து கம்பனியின் பெரிய வாகனத்தில் வருகிறவர். அவர் வருகிறார் என்று தெரிந்தால் ரோட்டோரப் புல்லைச் செதுக்குவார்கள், தண்ணீர் ஓடும் கானுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் இருக்கும் குழந்தைகளுக்கெல்லாம் மூக்கைத் துடைத்துவிடுவார்கள். அவர் இறங்குவார், கொழுந்தைப் பார்ப்பார், துரையின் பங்களாவில் சாப்பிடுவார், போய்விடுவார். இது எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். தெரிந்தும், பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் போன் பண்ணி, "பெரியம்மா, சனிக்கிழம படம் எடுக்க வர்றேன். நான்தான் டைரக்டர்" என்று பெருமை அடித்துக்கொண்டேன். அந்த மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். படம் காற்றில் போய்விட்டது. டைரக்டர் மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

பெரியம்மாவைக் குறை சொல்ல முடியாது. பதுளையில் ஏதோ கம்பியூட்டரில் எனக்கு வேலை என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. படித்த பிள்ளை, கம்பனிக்காரன் டைரக்டராக எடுத்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தாராம். உண்மையில் நான் பார்த்தது கல்யாண வீடியோ வெட்டும் வேலை. பதுளை நகரத்தில் ஒரு ஸ்டூடியோவின் பின்னறை. ஜன்னல் கிடையாது. ஊரில் உள்ள மாப்பிள்ளை எல்லாம் தாலி கட்டும்போது எந்தப் பக்கம் பார்க்கிறான், எந்த மாமியார் எப்போது முகத்தைச் சுளிக்கிறாள் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். ஸ்டூடியோ முதலாளி நல்ல மனுஷர். "எடிட்டிங் பொம்பளைங்களுக்கு ஏத்த வேல. ஒக்காந்த எடத்துல பாத்துக்கலாம்" என்பார். கேமரா தூக்குவதும், ஆட்களைப் பார்த்து இப்படி நில்லுங்க, அப்படித் திரும்புங்க என்று சொல்வதும் ஆண்களுக்கு ஏற்ற வேலை என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அப்படி வெட்டி வெட்டித்தான் எனக்குள் அந்த ஆசை வளர்ந்தது. அடுத்தவர் எடுத்ததை வெட்டிக்கொண்டிருக்கும்போது, நானாக இருந்தால் இதை வேறு மாதிரி எடுத்திருப்பேனே என்று கை அரித்தது. பதுளையில் வருடா வருடம் ஒரு குறும்பட விழா நடக்கும். நகரத்து மண்டபத்தில், மேடையில் குத்துவிளக்கு, பொன்னாடை, அமைச்சர் வருவார் என்று சொல்லி வராமல் போவது, எல்லாம் உண்டு. நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன். பரிசு கொடுக்கும் நேரம் வந்தால் பட்டுச்சேலை கட்டிய பெண்கள் இரண்டு பேர் தட்டில் கேடயத்தை ஏந்திக்கொண்டு வருவார்கள். சிறந்த நெறியாள்கைக்கான, அதாவது டைரக்டருக்கான கேடயத்தை ஒரு ஆண் வாங்கிக்கொண்டு போவார். வருடா வருடம் அதே கதை. மேடைக்குக் கேடயத்தைக் கொண்டுவருவது பெண், கொண்டுபோவது ஆண். தொலைக்காட்சியில் வரும் பெரிய பெரிய விருது விழாக்களும் இதற்கு ஒன்றும் சளைத்தவை அல்ல. அங்கே பட்டுச்சேலைக்குப் பதிலாக நீள கவுன். அவ்வளவுதான் வித்தியாசம்.

பெண்கள் படம் எடுக்கவில்லையா என்றால், எடுத்தார்கள். ஹாலிஎலப் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ஒரு ஆசிரியை எடுத்த படத்தைப் பார்த்து மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. இந்த முறை கேடயம் இவருக்குத்தான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். நெறியாள்கைக் கேடயம் வேறொருவருக்குப் போனது. ஆசிரியையை மேடைக்குக் கூப்பிட்டு, "பெண் படைப்பாளிக்கான விசேட பரிசு" என்று ஒரு கண்ணாடிக் கிளாஸ் செட்டைக் கொடுத்தார்கள். மினுமினுப்புத் தாள் சுற்றியிருந்தது. படம் எடுத்தவருக்கு ஆறு கிளாஸ். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடைந்துவிடுமோ என்று பார்த்துப் பார்த்து படி இறங்கி வந்தார். அன்றைக்கு நான் முடிவு செய்தேன். நான் படம் எடுப்பேன். அந்தக் கேடயத்தை வாங்குவேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. ஆண்கள் பரிசுக்கு ஆசைப்பட்டால் லட்சியம், பெண் ஆசைப்பட்டால் பேராசையா?

அந்த ரோஷத்தோடுதான் அந்தச் சனிக்கிழமை பசறை பஸ்ஸில் ஏறினேன். ஸ்டூடியோவில் என்னோடு வேலை செய்யும் கேமராக்காரர் கூட வந்தார். நல்ல உயரம், கறுப்புக் கண்ணாடி, தலையில் தொப்பி. என்னைவிட மூத்தவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கையில் நான் எழுதிய கதை இருந்தது. ஒரு பெண் லயத்து வரிசை வீட்டு ஜன்னலோரம் நின்று கண்ணீர் விடுகிற கதை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கல்யாண வீடியோவிலேயே கிடந்தால் புத்தி வேறெங்கே போகும்?

தோட்டத்தில் இறங்கியதுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. ரோடு கூட்டியிருந்தது. கான் வெள்ளை வெளேரென்று இருந்தது. பெரியம்மாவின் லயத்து வாசலில் ஒரு மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி, அதன்மேல் சோடாப் போத்தல். மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி. என்னைக் கொண்டுபோய் அதில் உட்கார வைத்தார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் தலைத்துண்டோடு அப்படியே வரிசையில் நின்றார்கள். நடிக்கத்தான் இத்தனை பேர் வந்திருக்கிறார்களாக்கும் என்று நான் பூரித்துப் போயிருக்க, முதலாவதாக நின்ற அக்கா கும்பிட்டுவிட்டுத் தொடங்கினார்.

"கூரத் தகரம் பூரா ஓட்டைங்கம்மா. மழ பேஞ்சா சட்டிப் பானையெல்லாம் ஒழுகுறதுக்குக் கீழ வச்சிர்றோம். அப்புறம் சோறாக்கச் சட்டி இல்ல."

அடுத்தவர், லயத்துக்கே தண்ணீர் பிடிக்க இருக்கும் ஒரே பீலியில் தண்ணீர் வராததைச் சொன்னார். அதற்கடுத்தவர் பிள்ளைக் காம்பரா தூரம் என்றார். பின்னால் யாரோ, "பொம்பள டைரக்டரே வந்துட்டாங்க, இனி நமக்கென்ன கவல" என்றார்கள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. கேமராக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் எழுந்து நின்றேன். "நான் அந்த டைரக்டர் இல்லீங்க. படம் எடுக்கிற டைரக்டர். கம்பனிக்கும் எனக்கும் ஒண்ணும் கெடையாது."

பெரியம்மாவின் முகம் சுண்டிப்போனது. ஊரையே கூட்டிவைத்தவர் அவர்தானே. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. தகரத்தைப் பற்றிச் சொன்ன அக்கா மட்டும் அசரவில்லை.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றார். "அந்த டைரக்டர் வந்தா எங்களக் கிட்ட விட மாட்டாங்க. நீங்க படமா எடுங்க. அவரு ஒக்காந்து பாக்கட்டும்."

என் கதை அந்த இடத்திலேயே செத்தது. நல்ல சாவு. நான் நாற்காலியை விட்டு ஒதுங்கினேன். நாற்காலியை அப்படியே காலியாக வைத்து, அதன் தோளுக்குப் பின்னாலிருந்து கேமராவை வைக்கச் சொன்னேன். ஒவ்வொருவரும் வந்து அந்தக் காலி நாற்காலியிடம் பேச வேண்டும். சொல்வதற்குச் சுலபம். கேமராவைப் பார்த்ததும் தகரத்து அக்கா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தார். இன்னொருவர் சிரித்துச் சிரித்தே சொல்ல வந்ததை மறந்தார். நான் சிலரை இரண்டு அடி தள்ளி நிற்க வைத்தேன், சிலரிடம் முதலில் அவர்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன், ஒருவரைக் கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்காமலே பேசச் சொன்னேன். மேகம் வந்து வெளிச்சம் போனால் நிறுத்தினேன், திரும்ப எடுத்தேன். தொண்டை கட்டிவிட்டது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. என்னை ஒரு நொடிகூடச் சந்தேகப்படாமல் டைரக்டர் என்று நம்பியவர்கள் அந்தப் பெண்கள்தான். வந்தது வேறு டைரக்டர் என்று தெரிந்த பிறகும் அந்த நம்பிக்கையை அவர்கள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக வந்தவர் என் வயதுப் பெண். மெதுவாகத்தான் பேசினார். "மல மேல வெடிப்பு இருக்குங்க. மழ பேஞ்சா மீரியபெத்தயில மண்ணு சரிஞ்சு லயமே பொதஞ்ச ஞாபகந்தான் வருது. புள்ளைங்களுக்குச் செருப்பப் போட்டே படுக்க வைக்கிறோம்." அதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அப்படியே நின்றார். கேமராக்காரர் நிறுத்தலாமா என்று என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது, மனசு சொன்னது. கொஞ்ச நேரம் நின்ற அந்தப் பெண், காலி நாற்காலியைப் பார்த்து, "டீ குடிச்சீங்களா?" என்று கேட்டார். வீட்டு வாசலுக்கு வந்தவரை வேறெப்படி விசாரிப்பது? படத்தை அந்த இடத்தில் முடித்தேன்.

விழாவில் படம் ஓடி முடிந்ததும் என்னையும் கேமராக்காரரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். நல்ல கைதட்டல். நடுவர்களில் மூத்தவர், நாடகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர், மைக்கை வாங்கிக்கொண்டு நேராகக் கேமராக்காரரைப் பார்த்தார்.

"தம்பி, பிரமாதம். அந்த வெறும் நாற்காலிய வெச்சீங்க பாருங்க, அதுதான் நெறியாள்கை. அந்த யோசன எப்படி வந்தது?"

கேமராக்காரர் தொப்பியைக் கழற்றினார். "அது அவங்க யோசனைங்க. டைரக்டர் அவங்கதான்" என்று என்னைக் காட்டினார்.

"அப்படியா?" என்றார் நடுவர். முகத்தில் ஒரு சின்னத் தடுமாற்றம். "ரொம்ப நல்லது தங்கச்சி. அந்த அம்மாமாரெல்லாம் இயல்பாவே நல்லாப் பேசியிருக்காங்க. கேமராவ வெச்சிட்டாப் போதும்போல."

நானும் அந்த மேடையில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒரே நாற்காலி. ஆண் வைத்தால் நெறியாள்கை, நான் வைத்தால் தானாக வந்து நின்றுவிட்டது! என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ நன்றி சொல்லியிருப்பேன். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வருவது அடுத்த நாள்தான்.

கேடயம் வேறொருவருக்குப் போனது. என்னைக் கூப்பிட்டு, பெண் படைப்பாளிக்கான விசேட பரிசைக் கொடுத்தார்கள். கிளாஸ் செட். வீட்டில் அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். விருந்தாளி வந்தால் கொடுக்க நல்ல கிளாஸ் இல்லை என்று நெடுநாளாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். "நல்ல பரிசு புள்ள, அடுத்த வருஷமும் எடு, தட்டும் வாங்கிறலாம்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரித்தேன், பிறகு ஸ்டூடியோவின் பின்னறையில் உட்கார்ந்து அழுதேன்.

சில நாள் கழித்து அந்த ஹாலிஎல ஆசிரியையைப் பஸ் ஸ்டாண்டில் கண்டேன். அதுவரை அவரோடு பேசியதில்லை. அவர்தான் என்னைப் பார்த்ததும் கிட்ட வந்தார்.

"உங்க கிளாஸ் ஒடைஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல. உங்களது?"

"எனக்கு ரெண்டு போச்சு. நாலு இருக்கு."

இருவரும் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். பிறகு பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசினோம். பேசப் பேச ஒரு விஷயம் எனக்குப் பளிச்சென்று பிடிபட்டது. நடுவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெண்ணின் படம் நல்லதாக இருந்தால் அவர்களுக்கும் மனம் உறுத்தும். அந்த உறுத்தலைத் தீர்க்க அந்தக் கிளாஸ் செட் தயாராக இருக்கிறது. அதைக் கொடுத்ததும் கணக்குத் தீர்ந்தது, கேடயத்தைப் பற்றிப் பேசும்போது நாங்கள் அவர்கள் நினைவிலேயே இல்லை. தனிப் பந்தி போட்டு இலை விரித்து, வயிறாரச் சாப்பிடுங்கள் என்று உபசரித்து, பெரிய பந்திக்கு வராமல் செய்துவிடுகிற மாதிரி.

விழாக் குழுவின் கூட்டத்துக்கு இரண்டு பேரும் போனோம். பெண்களுக்கான விசேட பரிசை நிறுத்திவிடுங்கள் என்று கேட்டோம். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"குடுக்கிறதையும் வேணாங்கிறீங்களே?" என்றார் தலைவர்.

"அது இருக்கிற வரைக்கும் மத்தது கெடைக்காதுங்கய்யா" என்றார் ஆசிரியை. "எல்லாத்தையும் ஒரே வரிசையில வெச்சுப் பாருங்க. தோத்தா தோத்துட்டுப் போறோம்."

எனக்கு அன்று பேச்சு அதே நாளிலேயே வந்துவிட்டது. அந்த நாற்காலிக் கதையைச் சொன்னேன். நடுவர் பெரியவரும் அங்கேதான் இருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் சால்வை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே, "நிறுத்திப் பாப்போம்" என்றார். தலைவர், "அப்புறம் ஒண்ணும் கெடைக்கலன்னு எங்களக் கொற சொல்லக் கூடாது" என்று எச்சரித்தார்.

அந்த எச்சரிக்கை வெறும் பேச்சு இல்லை. விஷயம் பரவியதும், வெலிமடைப் பக்கத்திலிருந்து முதல் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எனக்குப் போன் பண்ணிச் சண்டை பிடித்தாள். "எனக்கு அந்தக் கிளாஸ் செட்டாவது கெடச்சிருக்கும் அக்கா. அத வீட்டுல காட்டித்தான் அடுத்த படத்துக்கு உத்தரவு கேக்கலாம்னு இருந்தேன். இப்ப அதுவும் போச்சு." அவள் சொன்னது நியாயம். வீட்டில் காட்ட ஒன்று வேண்டும், அது எனக்கும் தெரியும். எங்கள் ரோஷத்துக்காக இருந்த கூழையும் கொட்டிவிட்டோமோ என்று அந்த வருடம் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தேன்.

தோட்டத்தில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். படத்தை அங்கே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினோம். பெண்கள் தங்களைத் தாங்களே கிண்டல் பண்ணிச் சிரித்துப் பார்த்தார்கள். பீலிக்குப் புதுக் குழாய் வந்தது. படத்தால் வந்தது என்று பெரியம்மா சொல்லித் திரிகிறார். தேர்தலும் அப்போதுதான் வந்தது, எனவே நான் வாயைத் திறப்பதில்லை. தகரம் இன்னும் மாறவில்லை. அதைக் கேட்டு அந்த அக்கா இப்போதும் எனக்குப் போன் பண்ணுகிறார்.

இந்த வருட விழாவுக்கு என் இரண்டாவது படத்தைக் கொடுத்தேன். ஹாலிஎல ஸ்டேஷனில் கொழும்புக்கு வேலைக்குப் போகிற மகளை ரயில் ஏற்றிவிடுகிற ஒரு தாயின் கதை. ரயில் போன பிறகு கேமரா அந்த வெறும் தண்டவாளத்திலேயே வெகுநேரம் நிற்கும். ஆசிரியையும் ஒரு படம் கொடுத்திருந்தார். வெலிமடைப் பெண்ணும் கொடுத்திருந்தாள், என்னோடு பேசாமலே.

நெறியாள்கைப் பரிசு அறிவிக்கும்போது, கையிலிருந்த நிகழ்ச்சி நிரலை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவாக்கியிருந்தேன். எல்லாருக்கும் ஒரே வரிசை. இந்த வரிசையில் பெண் யாரும் வராவிட்டால், அந்தப் பெண்ணின் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? அறிவிப்பாளர் உறையைப் பிரித்தார். ஆசிரியையின் பெயரை வாசித்தார்.

ஒரு கணம் எனக்குப் பொறாமைதான் வந்தது. மறைப்பானேன்? அடுத்த கணம் நான் நாற்காலியிலிருந்து எழுந்து கத்திக்கொண்டிருந்தேன். ஆசிரியை மேடையேறினார். தட்டோடு நின்ற பெண்கள் இரண்டு பேரும் கேடயத்தை நீட்டுவதற்குப் பதிலாக, தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். அவரே போய்த் தட்டிலிருந்து கேடயத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வெலிமடைப் பெண் இரண்டு வரிசைக்கு முன்னால் இருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, ஆனால் அவளும் எழுந்து நின்றுதான் கைதட்டினாள். வெளியே வரும்போது, "அக்கா, அடுத்த வருஷம் எனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வாசலில் நடுவர் பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்து, பெரிய மனுஷத்தனமாகச் சிரிக்கத் தயாரானேன்.

"உங்க படத்துல எனக்குக் கோபம்" என்றார். "அந்தத் தண்டவாளத்த அவ்வளவு நேரம் ஏன் காட்டினீங்க? பாதியில வெட்டியிருக்கணும். டைரக்டர் நீங்க. அது உங்க பிழை."

என் சிரிப்பு அப்படியே நின்றது. இவ்வளவு காலத்தில் என் படத்தில் ஒரு பிழை இருந்தால் அது என்னுடையது என்று யாரும் சொன்னதே இல்லை. கண் கலங்கிவிட்டது. அதே மூச்சில் கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

"அத வெட்டினா படமே இல்லீங்கய்யா" என்றேன்.

"அப்ப ஏன்னு சொல்லுங்க" என்றார் அவர், சால்வையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு. நான் சொன்னேன். அவர் மறுத்தார். நான் விடவில்லை. பஸ் போய்விட்டது என்று ஆசிரியை வந்து சொன்னபோது, நாங்கள் இன்னும் அந்தத் தண்டவாளத்திலேயே நின்றுகொண்டிருந்தோம்.